இரண்டு அங்குலம் மூன்று நூல்

பிரசவ வார்டுக்குப் போய்வந்த பலருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்கும். பச்சைக் குழந்தையை அங்கே கிடத்தியிருக்கும் தொட்டில், கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அடியில் மெல்லிய, கெட்டியான மெத்தை. அதன்மேல் சுருக்கம் இல்லாமல் விரித்த ஒரு துணி. அவ்வளவுதான். அதே குழந்தைக்குத் தொட்டில் வாங்கக் கடைக்குப் போனால் காட்சியே வேறு. சுற்றிலும் பூப்போட்ட பஞ்சுத் திண்டு, குழி வைத்த குட்டித் தலையணை, மெத்தென்ற போர்வை, மூலைக்கு ஒரு பொம்மை. பிள்ளைப்பேறு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏன் இப்படி மொட்டையான படுக்கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? செலவை மிச்சம் பிடிக்கவா?

செலவு காரணமல்ல. அங்கே அந்த வெறுமைதான் பாதுகாப்பு. அசையாத சட்டம், சரியான இடைவெளி, கெட்டியான தட்டைப் படுக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்ல தொட்டில் வந்துவிட்டது. மூன்றையும் ஓர் அளவுநாடாவும் இரண்டு விரல்களும் கொண்டு வீட்டிலேயே சோதித்துவிடலாம். அதற்குமேல் காசு கொடுத்துத் தொட்டிலுக்குள் சேர்க்கிற பொருள்கள் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. பல சமயம் குறைக்கின்றன. பாதுகாப்பு வேண்டுமானால் நிறையச் செலவழிக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் மற்றப் பல பொருள்களுக்குப் பொருந்தலாம். தொட்டிலுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே

தொட்டிலின் பக்கங்களில் வரிசையாக நிற்கும் குச்சிகளை, மரமானாலும் இரும்பானாலும், இங்கே கம்பி என்றே சொல்வோம். அமெரிக்காவில் 1973இல் தொட்டிலுக்கென்று முதல் தேசிய விதி வந்தபோது, இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் ஆசாரிகள் ஒரு நூல் என்பார்கள். அவர்கள் கணக்கில் இந்த அளவு இரண்டு அங்குலம் மூன்று நூல். அரை நூற்றாண்டு கடந்தும் இந்த எண் மாறவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிறந்த குழந்தையின் தலையைச் சுற்றி நாடா வைத்தால் ஏறக்குறைய 34 செ.மீ. வரும். தலை முழு வட்டமாக இருந்தால் அதன் குறுக்களவு 11 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆனால் தலை முட்டை வடிவம். நெற்றியிலிருந்து பிடரி வரை நீளம், காதுக்குக் காது ஒடுக்கம். அந்த ஒடுங்கிய பக்கமும் 9 செ.மீ.க்கு மேல் இருக்கும். அப்படியானால் 8 செ.மீ. இடைவெளி விட்டால்கூடத் தலை வெளியே வராது, அது போதாதா என்று கேட்கத் தோன்றும். பழைய தொட்டில்களில் இதைவிட அகலமான இடைவெளிகூட இருந்தது. தலை நுழையாதவரை ஆபத்தில்லை என்ற அந்த நினைப்பில்தான் பெரிய பிழை இருக்கிறது.

குழந்தை தலையை முன்னே விட்டு வெளியே வர முயல்வதில்லை. மல்லாந்து கிடந்து காலை உதைக்கிறது; நகர்ந்து நகர்ந்து குறுக்கே திரும்பிவிடுகிறது. கால் இரண்டும் கம்பிகளுக்கு நடுவே போகின்றன. அடுத்து இடுப்பு. முன்னிருந்து பார்த்தால் இடுப்பு அகலம், ஒருக்களித்தால் ஒல்லி. அதோடு அது சதை, அமுங்கிக் கொடுக்கும். இடுப்பு தாண்டியதும் வயிறு தடுக்காது, மார்புக்கூடும் வளைந்து கொடுக்கும்; பச்சைக் குழந்தையின் விலா எலும்புகளில் குருத்தெலும்பின் பங்கு அதிகம். அமுங்காத உறுப்பு ஒன்றே ஒன்றுதான். உடல் முழுக்க வெளியே வந்துவிட, தலை மட்டும் உள்ளே நின்றுவிடும். உடலின் எடை முழுவதையும் கழுத்து தாங்குகிறது. ஆக, 8 செ.மீ. இடைவெளி தலையைத் தடுப்பதால் பாதுகாப்பு வரவில்லை. தலையை மட்டும் தடுப்பதாலேயே அது பொறியாகிறது. இடைவெளி தடுக்க வேண்டியது இடுப்பை. 6 செ.மீ. என்பது இடுப்புக்கான எண்.

அப்படியானால் இன்னும் நெருக்கி, 3 செ.மீ. என்று வைத்தால்? அங்கே கையும் காலும் மாட்டும். அதனால்தான் ஐரோப்பியத் தர அளவுகோல் இடைவெளிக்கு மேல்வரம்போடு கீழ்வரம்பும் வைத்திருக்கிறது: 4.5 செ.மீ.க்குக் குறையாமல், 6.5 செ.மீ.க்கு மிகாமல். உள்ளே போன கை, போன வழியே திரும்பி வந்துவிட வேண்டும். இடுப்பு உள்ளேயே போகக்கூடாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு சந்தில்தான் பாதுகாப்பான தொட்டில் நிற்கிறது.

இதை வீட்டில் சோதிக்கத் தடித்த அட்டை போதும். 6 செ.மீ.க்கு ஒரு நூல் கூடுதலாக அகலம் வைத்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் மேலும் நடுவிலும் கீழும் வைத்துப் பாருங்கள். எங்கேயும் உள்ளே போகக்கூடாது. வழக்கமான பருமனுள்ள குளிர்பான டின்னையும் அளவாகச் சொல்வார்கள். அதன் குறுக்களவு சுமார் 6.6 செ.மீ. ஆனால் இப்போது நம் கடைகளில் கிடைக்கும் ஒல்லி டின் ஏமாற்றிவிடும், அட்டையே நம்பகமானது. பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கி இழுத்துப் பாருங்கள். வளைந்து கொடுக்கும் கம்பி, சும்மா நிற்கும்போது 6 காட்டி, குழந்தை உதைக்கும்போது 7 ஆகும். ஒரு கம்பி உடைந்து போன தொட்டிலையோ நினைத்தே பார்க்க வேண்டாம்: இரண்டு 6 செ.மீ. இடைவெளிகளும், கம்பி இருந்த 2 செ.மீ.யும் சேர்ந்து 14 செ.மீ. வாசல்.

மெத்தென்று இருந்தால் என்ன கெடுதல்?

நாம் மென்மையை அன்போடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்கள். இலவம்பஞ்சு மெத்தையில் கை வைத்தால் கை அளவுக்குக் குழி விழும். அந்தக் குழிவைத்தான் சுகம் என்கிறோம். ஆனால் கழுத்து நிற்காத குழந்தையின் முகம் அந்தக் குழியில் விழுந்தால், தூக்கித் திருப்பிக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை. அப்போது துணி மூக்கை அடைத்துவிடும் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அடைக்காமலேயே ஆபத்து வரும். நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றில் அது சுமார் 16 ஆகக் குறைந்து, கரியமில வாயு 4 விழுக்காடு வரை ஏறியிருக்கும். முகத்தைச் சுற்றி மென்மையான பொருள் கிண்ணம் போலக் கவிந்தால், வெளிவிட்ட காற்று கலைந்து போகாமல் அங்கேயே தேங்கும். குழந்தை அதையே திரும்ப இழுக்கும், இன்னும் கெடுத்து விடும், மறுபடி இழுக்கும். இதை மறுசுவாசம் என்று சொல்லலாம். 1991இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஜேம்ஸ் கெம்ப், பிராட்லி தாக் இருவரும், தெர்மோகோல் மணிகள் அடைத்த குழந்தை மெத்தைகளில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து, இந்த மறுசுவாசமே காரணமாக இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். மறு ஆண்டே அந்த வகை மெத்தைகள் அங்கே தடை செய்யப்பட்டன.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வதன் நியாயமும் இங்கேயே இருக்கிறது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குப்புறப் படுக்க வைப்பதைக் கைவிடச் சொன்னது. 1994இல் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டுக்குள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் அங்கே பாதிக்கு மேல் குறைந்தன. மல்லாந்து படுத்தால் கக்கிய பால் புரையேறாதா என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. உடலின் அமைப்பு அதற்கு விடை சொல்கிறது. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலெழும்பிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் ஏற்றத்தில் ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. இத்தனை குழந்தைகள் மல்லாக்கப் படுக்கத் தொடங்கிய பிறகும் புரையேறி இறப்பது கூடவில்லை என்பதும் பதிவான செய்தி.

கம்பிகளை ஒட்டிச் சுற்றிக் கட்டும் ஓரத் திண்டு எதற்கு வந்தது என்று இப்போது ஊகிக்கலாம். இடைவெளி அகலமாக இருந்த காலத்தில் அது அந்த ஓட்டையை மறைத்தது. ஓட்டை ஒடுங்கிய பிறகும் திண்டு மட்டும் அழகுப் பொருளாகத் தங்கிவிட்டது. அதே தாக், 1985க்கும் 2005க்கும் இடையே அமெரிக்காவில் இந்தத் திண்டுகளோடு தொடர்புடைய 27 குழந்தை இறப்புகளைத் திரட்டி, 2007இல் வெளியிட்டார். முகம் திண்டில் அழுந்தியும், திண்டுக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கியும், திண்டின் நாடா கழுத்தில் சுற்றியும் நேர்ந்தவை அவை. 2022இல் அந்நாட்டில் திண்டு விற்பனைக்கே தடைச் சட்டம் வந்தது. திண்டு இல்லாவிட்டால் தலை கம்பியில் இடிக்குமே என்பது உண்மைதான்; இடிக்கும். தானாக உருளும் குழந்தையின் வேகத்துக்கு அது ஒரு சிராய்ப்பு, ஒரு சிறு வீக்கம், ஓர் அழுகை. அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது. திண்டில் முகம் புதைந்த குழந்தையோ சத்தம் போடாது. அழுதால் தெரிந்துவிடும் என்று நம்பி இருப்பதன் பலவீனம் இதுதான்.

இறங்கும் பக்கமும் ஒரு போல்ட்டும்

பல தலைமுறைகளாக அமெரிக்க வீடுகளில் ஒரு பக்கம் மேலும் கீழும் நகரும் தொட்டில்தான் வழக்கத்தில் இருந்தது. தாய் குனியாமல் குழந்தையை எடுக்கப் பக்கத்தை இறக்குவாள், பிறகு ஏற்றிப் பூட்டுவாள். இந்த வசதிக்காக அந்தப் பக்கத்தைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்காமல் சிறு பிளாஸ்டிக் கொக்கிகளிலும் தடங்களிலும் ஓட விட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் கொக்கி தேயும், ஒரு மூலையில் விட்டுவிடும். அப்போது அந்தப் பக்கம் கீழே விழுவதில்லை. மற்ற மூன்று மூலைகள் பிடித்திருக்க, விட்ட மூலையில் மட்டும் ஆப்பு வடிவத்தில் ஒரு பிளவு திறக்கிறது. மெத்தைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே உருண்ட குழந்தை அதில் இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. 2000த்திலிருந்து பத்தாண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது. 2007 தொடங்கிய நான்கைந்து ஆண்டுகளில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டில்கள் பல்வேறு குறைகளுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. 2011 ஜூன் 28 முதல் இறங்கும் பக்கத் தொட்டிலை அங்கே செய்யவும் விற்கவும் முடியாது.

இந்த வரலாற்றில் வீட்டாருக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. பக்கத்தைத் தலைகீழாகப் பொருத்தியது, ஒரு போல்ட் தொலைந்ததால் கம்பி வைத்துக் கட்டியது, கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி மரத்தில் ஸ்குரூவின் பிடி போனது என்று, பூட்டுதலில் நேர்ந்த கோளாறுகளும் அந்த விபத்துகளில் கலந்திருந்தன. புதிய விதி அதையும் கவனித்தது. வீட்டில் கழற்றி மாட்ட வேண்டிய மூட்டுகளில் மரத்தில் நேரடியாக ஏறும் ஸ்குரூ ஆகாது. உலோக நட்டில் ஏறும் போல்ட் வேண்டும், தானாகத் தளராதபடி அதற்குப் பூட்டும் வேண்டும். மரத்தில் ஸ்குரூ தன் புரியைத் தானே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. இரண்டாம் தடவை ஏற்றும்போது அந்தப் புரி பாதி நைந்திருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் இன்னும் மோசம். இரும்பு நட்டில் ஏறும் போல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிசேரியன் ஆன தாய் குனிய முடியாமல் தவிப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதற்கு வேறு வழி உண்டு. மெத்தைப் பலகையை இரண்டு மூன்று உயரங்களில் பொருத்தக்கூடிய தொட்டிலாகப் பார்த்து வாங்கலாம். முதல் மாதங்களில் மேல்நிலையில் வைத்தால் குனிய வேண்டியதே இல்லை, பக்கமும் அசையாது.

தூளியில் வளர்ந்த பிள்ளைகள்

நம் பாட்டிகள் சேலைத் தூளியில்தானே எல்லாரையும் வளர்த்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தூளியை நான் இகழ மாட்டேன். பருத்தித் துணி, காற்றோட்டம், தாலாட்டு, பக்கத்திலேயே ஒரு பாட்டி. இந்த வரிசையில் கடைசியாக வருவதுதான் மற்றவற்றைக் காத்தது. துணியின் வளைவில் குழந்தையின் முதுகு வளைகிறது, தலை முன்னே சாய்கிறது, தாடை மார்பில் படுகிறது. பச்சைக் குழந்தையின் மூச்சுப்பாதை மெல்லிய, வளையும் குழாய். தாடை மார்பில் அழுந்தினால் குழாய் மடிகிறது. சரிவான குழந்தைப் படுக்கைகளை, 10 பாகைக்கு மேல் சாய்வு இருந்தால், 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்ததும் இதே காரணத்தால். வளர்ந்த பிள்ளைகள் தூளியில் ஏறி விளையாடிக் கழுத்தில் துணி முறுக்கி இறந்த நிகழ்வுகளும் தடயவியல் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கண்ணெதிரே ஆட்டித் தூங்க வைக்கத் தூளி இருக்கட்டும். தூங்கிய பிறகு, ஆள் விழித்திராத இரவுக்கு, தட்டையான படுக்கைக்கு மாற்றுவதே சரி.

அந்தப் படுக்கை தொட்டிலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பின்லாந்து அரசு 1938இல் ஏழைத் தாய்மாருக்கும் 1949இல் எல்லாத் தாய்மாருக்கும் குழந்தைத் துணிமணிகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டி கொடுக்கத் தொடங்கியது. அடியில் சிறு மெத்தை விரித்தால் பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை. அந்நாட்டின் சிசு மரணம் பிற்காலத்தில் வெகுவாகக் குறைந்ததற்கு அட்டையைக் காரணமாகச் சொன்னால் மிகையாகும். பெட்டி வேண்டுமென்றால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனைக்கு அதில் பெரும்பங்கு இருக்கும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள், தாயோடு ஒரே படுக்கையில் பிள்ளை தூங்கும் தங்கள் வழக்கத்தை விடாமல், நாரில் முடைந்த வஹாகுரா என்ற ஆழமில்லாக் கூடையைப் படுக்கையிலேயே வைத்து அதற்குள் குழந்தையைக் கிடத்துகிறார்கள். பாயில் எல்லாரும் வரிசையாகப் படுக்கும் நம் வீடுகளுக்கு இது நெருங்கிய யோசனை. குழந்தைக்கு அதே அறையில், ஆனால் தனியாக, கெட்டியான தட்டை இடம் ஒன்று இருந்தால் போதும்.

காசை எங்கே வைப்பது

தொட்டிலே வாங்குவதென்றால், செதுக்கு வேலைக்கும் வண்ணத்துக்கும் போகும் பணத்தை மெத்தைக்கும் மூட்டுக்கும் திருப்ப வேண்டும். மெத்தை கெட்டியாக இருக்கட்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி தங்கக்கூடாது. தேங்காய் நாரோ அடர்ந்த ஃபோமோ எதுவானாலும் சரி. மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்குச் சிறியது. துணியைத் திணித்து அந்தச் சந்தை அடைப்பது ஆபத்தை மறைக்குமே தவிர நீக்காது. தடிமன் 15 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம், ஏனென்றால் மெத்தை உயர்ந்த அளவுக்குப் பக்கம் தாழும். மெத்தைப் பலகையின் கீழ்நிலையிலிருந்து பக்கத்தின் மேல்விளிம்பு வரை 66 செ.மீ. வேண்டும் என்பது அமெரிக்க விதி. 15 போனால் குழந்தைக்குத் தடுப்பாக நிற்பது 51 செ.மீ.தான்.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய தொட்டில் இலவசமாக வரும்போது மனம் இளகுவது இயல்பு. மரம் அந்தக் காலத்துத் தேக்காகவே இருக்கலாம். ஆனால் தேக்கின் வலு இடைவெளியைக் குறைக்காது. நான்கு மூலைகளிலும் அழகுக்காக எழும்பி நிற்கும் குமிழ்களைக் கவனியுங்கள். அமெரிக்க விதி மூலைத்தூண் ஒன்றரை மி.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது என்கிறது, எழுந்து நிற்கப் பழகும் குழந்தையின் சட்டைக் கழுத்து அதில் மாட்டும் என்பதால். நம் பிள்ளைகளின் கழுத்தில் தாயத்துக் கயிறும் சேர்ந்திருக்கும். தூங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், குமிழை ஆசாரியிடம் கொடுத்து அறுத்துவிட வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை மேல்விளிம்பைக் கடித்துக்கொண்டே இருக்கும் என்பதை நினைத்தால், உரியும் பழைய வண்ணம் உள்ள தொட்டிலை மறுப்பதே நல்லது. இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறுமானால் பழையது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆசாரியிடம் புதிதாகச் செய்யச் சொல்வதும் நல்ல வழி. எளிய செவ்வகம், நேரான கம்பி, இரண்டு அங்குலம் மூன்று நூல் என்று அளவைச் சொல்லிவிட்டால் அவருக்கு விளங்கிவிடும்.

பூட்டும் நாள்

பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே, பகல் வெளிச்சத்தில், தொட்டில் நிற்கப் போகும் அறையிலேயே பூட்டுங்கள். வேறு அறையில் பூட்டிக் கதவில் நுழையாமல் கழற்றி மறுபடி மாட்டுவதில்தான் போல்ட் தொலையும். உதிரிகளை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, குறிப்புத் தாளில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்த பிறகே முதல் போல்ட்டைத் தொட வேண்டும். ஒன்று குறைந்தால் அன்றைக்கு வேலை நிற்கட்டும். அதே அளவு போல்ட் வரும்வரை காத்திருக்கலாம். எல்லா மூட்டுகளையும் முதலில் பாதி இறுக்கி, நான்கு கால்களும் தரையில் சமமாக உட்கார்ந்ததும் முழுதாக முடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால் சட்டம் கோணி, எதிர்மூலையில் போல்ட் புரியில் சரியாக ஏறாது.

முடித்ததும் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்து, பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வயதுப் பிள்ளை நின்று குலுக்குவது போலக் குலுக்கிப் பாருங்கள். கிறீச்சென்ற சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறதோ அங்கே மறுபடி சாவி வையுங்கள். மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். இன்று இறுகிய போல்ட் சித்திரையில் ஆடும். மாதம் ஒரு தடவை, மெத்தை விரிப்பை மாற்றும் நாளில், எல்லா மூட்டுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடம் ஆகும். குழந்தை உட்காரத் தொடங்கியதும் மெத்தைப் பலகையை ஒருநிலை இறக்க வேண்டும், கம்பியைப் பிடித்து எழுவதற்குள் அடிநிலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உயரம் 90 செ.மீ.யைத் தொட்டுவிட்டால் பிள்ளை பக்கத்தின் மேல் காலைப் போட்டு ஏறிவிடும். அதற்குள் தொட்டிலைக் கழற்றி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டி, பிள்ளைக்குத் தரையில் பாய் விரித்துவிடலாம்.